இன்னும் நாலு மேட்ச் இருக்கு! – கால்பந்து கேள்வி-பதில்

கேள்வி: நூற்பாலையில் வேலை. மேட்ச் அன்றைக்கு இரண்டாவது ஷிப்டு விழுந்துவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஸ்கோர் பார்ப்பதோடு சரி. சென்னையின் எஃப்.சி. பல சீசன்களில் கடைசி நேரத்தில்தான் ப்ளே-ஆஃப் கணக்குக்குள் வருகிறது. “இன்னும் நாலு மேட்ச் இருக்கு, வந்துருவோம்” என்றால் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்படி நம்புவது தப்பா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: தப்பே இல்லை. அந்த ‘நாலு மேட்ச்’ என்ற கணக்குக்கே இந்த அணியின் வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது.

2015 இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள். பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னை வெறும் 10 புள்ளிகளோடு பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் மார்கோ மாத்தரட்சி, 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் ஆடியவர். மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களையும் சென்னை வென்றது. 22 புள்ளிகளோடு மூன்றாமிடம், அரையிறுதி. அதற்குள் டிசம்பர் பெருவெள்ளம் வந்து சென்னையே தண்ணீரில் மிதக்க, சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது சென்னை. இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிப் போட்டிக்குப் போனது.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இன்ஜுரி டைமில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை சென்னைக்கு. அந்த சீசனில் 13 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான விருதையும் மெண்டோசா வாங்கினார்.

ஒரே ஒருமுறை நடந்த அதிசயம் என்று யாராவது சொன்னால், 2019-20 சீசனை எடுத்துக் காட்டலாம். முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகள். 2018இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் காயில் பொறுப்பேற்றார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஜனவரி முதல் வாரத்தில்கூட ஒடிசாவிடம் 0-2 தோல்வி. அதன் பிறகு கடைசி எட்டு லீக் ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா. கொச்சியிலேயே போய்க் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். நான்காமிடத்துக்கு நேரடிப் போட்டியாக இருந்த மும்பையை, மும்பையிலேயே லூசியான் கோயான் அடித்த ஒற்றை கோலில் வெளியேற்றினார்கள். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக 4-1, பிறகு 2-4, மொத்தம் 6-5. இதயம் பலவீனமானவர்கள் பார்க்கக் கூடாத ஆட்டம் அது.

ஆனால் நம்பிக்கைக்கு ஒரு காரணம் வேண்டும். 2020இல் காரணம் கண்ணெதிரே இருந்தது: புதிய பயிற்சியாளர் அணியை முன்னேறி ஆட விட்டார், ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தை எடுத்துக் கொடுக்க, லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் கோலாக்கினார், மொத்தம் 15 கோல்கள். எதுவும் மாறாமல், அதே பதினொரு பேர் அதே தவறுகளோடு ஆடிக்கொண்டிருக்கும்போது ‘வந்துருவோம்’ என்றால் அது வெறும் ஆசைதான். 2018 மார்ச்சில் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று சாம்பியனான இதே அணி, அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாமிடத்தில் முடித்தது. அந்த வருடம் கடைசி வரை காத்திருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் அடுத்த முறை சிரித்தால் 2015ஐச் சொல்லுங்கள். பெரிய பதில் தேவைப்படாது.

கேள்வி: நம் அணி ஜெயித்தால் மட்டும் போதாது, இன்னொரு அணி தோற்கவும் வேண்டும் என்கிற நிலைமைதான் தாங்க முடியவில்லை. யார் யாரை வெல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதிப் பார்த்தே மண்டை காய்கிறது. சமமான புள்ளிகள் வந்தால் என்ன கணக்கு?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணன்கோவில்

பதில்: முதலில் விதியைச் சொல்லிவிடலாம். ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் இரண்டு அணிகள் ஒரே புள்ளிகளில் நின்றால், மொத்த கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவை இரண்டும் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களைப் பார்ப்பதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. 2020-21இல் மும்பை சிட்டியும் ஏ.டி.கே. மோகன் பகானும் தலா 40 புள்ளிகள் எடுத்தன. இருமுறை மோதியபோதும் மும்பைதான் வென்றிருந்தது. லீக் கேடயம் மும்பைக்குப் போனது. எனவே நோட்டில் கணக்குப் போடும்போது, போட்டியாக நிற்கும் அணியோடு நடந்த இரண்டு ஆட்டங்களின் முடிவை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பரில் ‘ஒரு டிராதானே’ என்று விட்ட ஆட்டம் மார்ச்சில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

மற்றவர் தோல்விக்குக் காத்திருக்கும் வேதனைக்கு 2024 ஏப்ரல் நல்ல சாட்சி. மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தின் இன்ஜுரி டைமில் பெனால்டி வாங்கி ஸ்கோர் 2-2 ஆகிவிட்டது. போச்சு என்று தலையில் கை வைத்த நேரத்தில், 97ஆவது நிமிடத்தில் இளம் வீரர் இர்ஃபான் யாத்வத் அடித்த கோலில் சென்னை 3-2 என்று வென்றது. அடுத்து ஜாம்ஷெட்பூரை 2-1. ஏப்ரல் 9இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டையும் 2-1, அதுவும் கடைசி நொடிகளில். அவ்வளவு செய்தும் ஆறாமிடம் உறுதியாகவில்லை. மறுநாள் பஞ்சாப் எஃப்.சி., ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று அடித்த பிறகுதான் ப்ளே-ஆஃப் கதவு திறந்தது. அன்றைக்கு ஆடாத அணிக்காக, தனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகளின் ஆட்டத்தைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

இதைவிட இறுக்கமான நாளும் நம் மாநிலத்தில் உண்டு. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. கோவையில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. அந்த சீசனில் 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்குப் பிறகு, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றுவிட்டது என்பதால், கோவையில் டிரா ஆகியிருந்தால்கூடக் கோப்பை கை நழுவியிருக்கும். ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு அணி இந்திய சாம்பியன் ஆனது. அந்த அணி இன்று தேசிய லீக்கில் இல்லை என்பது வேறொரு துக்கம்.

கேள்வி: ஆறாவது இடத்துக்கு வந்ததையே கொண்டாடுவது சரிதானா?
– வாசகர், சத்திரப்பட்டி

பதில்: ஒரு நாள் கொண்டாடலாம். அதற்கு மேல் வேண்டாம். 2022-23இல் ப்ளே-ஆஃப் வாய்ப்பு ஆறு அணிகளுக்கு விரிந்தது. முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு, மூன்று முதல் ஆறு வரை ஒரே ஆட்ட நாக்-அவுட். 2023-24இல் இருந்ததோ 12 அணிகள். பாதிப் பேர் உள்ளே வரும் வாசலில் கடைசி ஆளாக நுழைவது சாதனை ஆகாது. ஆறாமிடத்துக்குத் தண்டனையும் இருந்தது: நாக்-அவுட் எதிராளியின் ஊரில்தான். 2024 ஏப்ரல் 20 அன்று சென்னை கோவாவுக்குப் போய், முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கி, ஒன்றைத் திருப்பி, 1-2 என்று வெளியேறியது. மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஓடியதெல்லாம் ஒரே இரவில் முடிந்தது. இரண்டு முறை கோப்பை வென்ற அணியிடம் ரசிகர்கள் முதல் நான்கு இடங்களைக் கேட்பதுதான் நியாயம்.

கேள்வி: தோல்வியைவிட நடுவர் முடிவுகள்தான் ஆத்திரமூட்டுகின்றன. அணி மைதானத்தைவிட்டு வெளியேறினால் என்ன?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: வெளியேறிப் பார்த்திருக்கிறார்கள். 2023 மார்ச் 3, பெங்களூர் – கேரளா பிளாஸ்டர்ஸ் நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸ் சுவர் அமைத்து நிற்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்கினார். நடுவர் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை வெளியே அழைத்துவிட்டார். ஆட்டம் பெங்களூருக்கு. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. கால் மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் மீதி இருந்தது என்பதுதான் இதில் வலிக்கிற விஷயம். அந்த நேரத்தில் ஒரு கோல் திருப்புவது முடியாத காரியமே அல்ல. ரசிகரின் கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆட்டத்தைக் கைவிடுவது அந்த ரசிகருக்கே செய்யும் துரோகம்.

கேள்வி: நம் வட்டாரப் பெண்கள் கால்பந்தில் இப்படிக் கடைசி நாள் பரபரப்பு எதுவும் நடந்ததுண்டா? ஆண்கள் அணியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்.
– ஆசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: மிக நல்ல கேள்வி. நடந்திருக்கிறது, பேசப்பட்டதுதான் குறைவு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் ஊரின் அணி, நாட்டின் முதல் அணி ஆனது. ஆண்டாள் கோயில் தேர் நிலைக்கு வரும் நாளில் கூடும் கூட்டத்தில் பாதிப் பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

பரபரப்பு என்றால் 2022. புவனேசுவரத்தில் லீக் நடந்தது. பத்து ஆட்டங்களில் பத்தையும் வென்றது சேது. கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து. பதினோராவதும் கடைசியுமான ஆட்டத்தில், மே 26 அன்று, இரண்டும் நேருக்கு நேர். அட்டவணை போட்டவர்கள் நினைத்துச் செய்தாலும் இப்படி அமையாது. கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்த கோகுலத்துக்கு டிரா போதும். சேதுவுக்கு வெற்றி மட்டுமே வழி. மூன்றாவது நிமிடத்தில் ரேணு தேவி கோல் அடித்து சேதுவை முன்னால் நிறுத்தினார். ஆனால் ஆஷாலதா தேவி பெனால்டியில் சமன் செய்ய, கானா வீராங்கனை எல்ஷதாய் அச்சியம்பாங், மனீஷா கல்யாண் என்று இடைவேளைக்கு முன்பே கோகுலம் 3-1 ஆக்கிவிட்டது. அதே ஸ்கோரில் ஆட்டம் முடிந்தது. ஒரு சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தைத் தோற்று, கோப்பையையும் தோற்ற அணி அது. தமிழ்நாட்டு மாநில அணியும் சளைத்ததல்ல: 2018, 2023 என இருமுறை தேசிய மகளிர் சாம்பியன்.

உங்கள் பள்ளியில் பந்து உதைக்க ஆசைப்படும் மாணவி இருந்தால், இந்த வரலாற்றை அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு முக்கியமான ஆட்டத்தையாவது நேரில் பார்க்க ஆசை. ராஜபாளையத்திலிருந்து எப்படிப் போய்வருவது?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: சென்னை சுமார் 550 கிலோமீட்டர். போவது சிரமமில்லை, பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். திரும்புவதில்தான் சிக்கல். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடியும்போது ஒன்பதரை. பொதிகை ஒன்பதுக்கு முன்பே எழும்பூரைவிட்டுக் கிளம்பிவிடும். இரண்டாம் பாதியைப் பார்க்காமல் ஓட வேண்டும், இல்லையென்றால் ஆம்னி பஸ், இல்லையென்றால் மறுநாள் சம்பளம் போகும். செங்கோட்டை வழியாகப் போனால் கொச்சி ஏறக்குறைய பாதித் தொலைவுதான். தென்மாவட்டங்களில் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை ரசிகர்களும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார இறுதியில் இரண்டு ஆட்டங்கள் இருக்கும் நாட்களில் ஒன்று மாலை ஐந்து மணியளவில் தொடங்குவதுண்டு. அந்த நேரத்தில் சென்னை ஆட்டம் வந்தால் விடாதீர்கள். ஏழு மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக ரயில் ஏறலாம்.

சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கும் தமிழ்நாடு கால்பந்து சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சீசன் தொடங்குவதற்கு முன் ஆடும் நட்பு ஆட்டங்களில் ஒன்றையாவது மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வையுங்கள். ஷிப்டு முடிந்து ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து பார்க்க ஆள் இருக்கிறது.