சுடுநீர் ஊற்று: குளிக்கலாம், குடிக்கலாமா?

இளைஞர்களே, சுங்கை கிளாவுக்கோ செம்பவாங்குக்கோ போனவங்க ஊற்றில் முட்டை அவிச்சிருப்பீங்க, கால் நனைச்சிருப்பீங்க. சிலர் வீட்டுப் பெரியவங்களுக்கு மருந்துன்னு சொல்லி அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வருவதும் உண்டு. அதற்குள் என்ன இருக்கிறது? இந்த மாதம் அதைப் படிப்போம்.

1. சூடு எங்கிருந்து வருது?

தீபகற்ப மலேசியாவில் இப்போது வெடிக்கும் எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே ஏறி வருகிறது.

2. உலோகம் எப்படிக் கலக்குது?

தேத்தண்ணி போடுற மாதிரிதான். பச்சைத்தண்ணியில சாயம் மெதுவா இறங்கும், சுடுதண்ணியில சட்டுன்னு இறங்கும். அதுபோல சூடான நீர் பாறையிலிருந்து லித்தியம், இரும்பு, மாங்கனீசு போன்றவற்றைக் கரைத்து எடுத்து வரும். சில ஊற்றுகளில் ஆர்சனிக் என்ற உலோகப்போலியும் சேரும். அளவு பாறைக்குப் பாறை மாறும்.

3. பார்த்தால் தெரியுமா?

ஓரத்தில் படியும் செம்மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அது உலோகம் இல்லை. ஆனால் நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. தண்ணி பளிச்சுன்னு இருக்கேன்னு நம்பிட முடியாது.

4. எவ்வளவு இருந்தால் அதிகம்?

குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கணக்குப் போட்டுப் பாருங்க: 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் வெறும் 25 கிராம் கரைந்தாலே அந்த அளவு வந்துவிடும். அதற்கு மேல் உள்ள நீரைப் பல வருடம் குடித்தால் தோல் பாதிக்கும், புற்றுநோய் அபாயமும் கூடும்.

5. கொதிக்க வச்சா போயிடுமா?

போகாது. கொதித்தால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகிக் குறைய, மிச்சமுள்ள நீரில் உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும்.

6. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுக்கூடச் சோதனைதான் நம்பகமான வழி. சுத்தமான போத்தலில் நீர் பிடித்து, உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாமலிருக்க நைட்ரிக் அமிலம் சில துளி சேர்த்து, நிறமாலைக் கருவியில் அளப்பார்கள்.

ஆர்சனிக் தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. அதனால சூடு பார்த்து, தாராளமா குளிங்க. குடிக்கவோ, பாட்டிக்குக் கொண்டுபோகவோ நினைச்சா, சோதனை அறிக்கை இருக்கான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னா போத்தலைக் காலியாவே வீட்டுக்குக் கொண்டு வாங்க.