டிஜாக்சின் எழுதும் முன்

அன்புள்ள நிலா,

டிஜாக்சின் எழுதும்போது எல்லோரும் இதயத்தை யோசிக்கிறார்கள். சிறுநீரகத்தை யோசிப்பவர் குறைவு. இந்த மருந்தின் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது நன்றாக இருந்தால் உடலிலுள்ள மருந்து ஒன்றரை, இரண்டு நாளில் பாதியாகும். பழுதுபட்டால் நான்கைந்து நாள்கூடப் பிடிக்கும். கிரியாட்டினின் 1.1 என்றதும் நிம்மதியடைந்துவிடாதே. 78 வயது, 42 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி போட்டுப் பார்: நிமிடத்துக்கு 28 மில்லிலிட்டர்தான் வரும். தசை வற்றிய உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால்தான் அந்த எண் நல்லதாகத் தெரிகிறது. "வாரத்தில் ஐந்து நாள்தானே தருகிறோம்" என்று நம் வார்டுகளில் சமாதானம் சொல்வார்கள். கால் மில்லிகிராம் மாத்திரை ஐந்து நாளுக்கு 1.25 மில்லிகிராம், அரை மாத்திரையைத் தினமும் கொடுத்தால் வாரத்துக்கு 0.875 மில்லிகிராம். இரண்டு நாள் விடுமுறை விட்டும் பாட்டிக்குக் கூடுதலாகவே போகிறது.

ரத்தத்தில் அளவு பார்த்தால் போதாதா என்று கேட்பாய். பார், ஆனால் மாத்திரை போட்டுக் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து. அதற்கு முன் மருந்து திசுக்களில் பரவி முடிந்திருக்காது, எண் வீணாக உயர்ந்து நிற்கும். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் வரை சரி என்ற பழைய வரம்பையும் மறந்துவிடு. டிஜாக்சினைச் சோதித்து 1997-ல் வெளியான டிஐஜி ஆய்வின் தரவைப் பின்னர் அலசியபோது, ஆண் நோயாளிகளில் 0.5 முதல் 0.8 வரை இருந்தவர்களிடம் இறப்பு குறைவாகவும், 1.2-ம் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. பின்னோக்கிய அலசல்தான், முடிந்த தீர்ப்பல்ல. ஆனாலும் கூடுதலாகக் கொடுக்க அதில் ஒரு காரணமும் இல்லை. தவிர, டிஜாக்சினும் பொட்டாசியமும் செல்சவ்வின் ஒரே பம்ப்பில் போட்டியிடுகின்றன. ஃபியூரோசமைடு பொட்டாசியத்தை இறக்கிவிட்டால் 0.9 என்ற அளவிலேயே நச்சு தலைகாட்டும். ஆகவே பொட்டாசியம், மெக்னீசியம், ஈசிஜி இல்லாமல் அந்த எண்ணைத் தனியாகப் படிக்காதே.

இவ்வளவு தொல்லை என்றால் விட்டுவிடலாமே? அதே ஆய்வின் 6,800 பேரில் மருந்து உயிரிழப்பைக் குறைக்கவில்லைதான்; ஆனால் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ரத்த அழுத்தம் தாழ்ந்து, பீட்டா பிளாக்கர் தாங்காதவருக்கு இன்றும் இது கைகொடுக்கும். கவனிக்க ஆள் இருந்தால் எழுது. சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, பேச்சு தடுமாறுகிறது என்று அந்தப் பாட்டியின் வீட்டார் சொன்னால் வாந்தி மாத்திரை எழுதி அனுப்பாதே. டிஜாக்சினை நிறுத்தி ஈசிஜி எடு. மஞ்சளாகத் தெரிகிறது என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், பலர் சொல்வதேயில்லை. டயாலிசிஸ் இதை வெளியே இழுக்காது. உயிருக்கு ஆபத்தான நிலையில் முறிமருந்து எதிர்ப்பொருள்தான், அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அமியோடரோன் சேர்த்தால் டிஜாக்சினைப் பாதியாக்கு. இருமலுக்கு யாரேனும் கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கிறார்களா என்றும் கேள்.

அன்புடன்,
உன் மூத்தவர்