இளைப்புக்குக் கல்யாணம் மருந்தாகாது

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே அமைந்த தம்மம்பட்டியிலிருந்தும், அதைச் சுற்றியுள்ள கெங்கவல்லி, ஆத்தூர், இராசிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், இளைப்பு (ஆஸ்துமா) வியாதியுள்ள பெண்ணை என்னிடம் வைத்தியத்துக்கு அழைத்துவரும் பெற்றோர், அவள் இரவெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததைச் சொல்லி முடித்த கையோடு, தவறாமல் ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள்: “வயசுக்கு வந்தா நின்னுரும்னு சொன்னாங்க, நிக்கல, ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா செரியாப் போயிருமில்லீங்களா?” எழுத்தறியாதவர்கள் மட்டுமா கேட்கிறார்கள்? பள்ளி ஆசிரியர்களும் கேட்கிறார்கள், பட்டதாரிகளும் கேட்கிறார்கள். சரியாகப் போகாது என்று நான் சொன்னால், கிடைக்க வேண்டிய ஆறுதலை நான் பறித்துக்கொண்டதாக வருத்தப்படுகிறார்கள். எத்தனையோ பெண்களின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய இந்த வதந்தியை இனிமேலும் மென்மையாக மறுத்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

முதலில், இது எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்ப்போம். கைக்குழந்தைகளில் பலருக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வரும். பள்ளிக்கூடம் போகும் வயதில் அது தானாக நின்றுவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்னும் நகரில், 1980 முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த மருத்துவர்கள், மூன்று வயதுக்குள் வீசிங் கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய 100-க்கு 60 பேருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று 1995-இல் எழுதினார்கள். ஆகவே, “என் பிள்ளைக்கும் இருந்தது, வளர்ந்ததும் போய்விட்டது” என்று சாட்சி சொல்லும் பாட்டி பொய் சொல்லவில்லை. அவள் கண்ட குழந்தையின் வீசிங் வேறு, பத்து வயதிலும் விடாமல் தொடரும் இளைப்பு வேறு என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை, அதுதான் குறை.

அடுத்து, வயதுக்கு வருவதைப் பற்றிய நம்பிக்கை. சின்னஞ்சிறு வயதில் ஆண்பிள்ளைகளின் மூச்சுக்குழல்கள், நுரையீரலின் பருமனை நோக்க, பெண்பிள்ளைகளின் குழல்களைக் காட்டிலும் ஒடுக்கமானவை. அதனால் அந்த வயதில் இளைப்பு ஆண்பிள்ளைகளிடமே மிகுதி. குமரப் பருவத்தில் அக்குழல்கள் விருத்தியடைய, அவர்களில் பலருக்குத் தொல்லை தணிகிறது. பெண்களின் விஷயமோ இதற்கு நேர்மாறானது. பூப்பெய்திய பிறகு புதிதாக இளைப்பு தொடங்குவதும், ஏற்கெனவே இருந்தது வலுப்பதும் பெண்களிடமே அதிகம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் மூச்சுத் திணறல் கூடும் பெண்களும் பலர். வயது வந்தோரில் இந்த வியாதி ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பீடிக்கிறது என்பது உலகெங்கும் நிர்ணயமான உண்மை. பையன்களுக்கு ஓரளவு பொருந்துவதைப் பெண்களின் தலையில் ஏற்றி, வியாதி வலுக்கத் தொடங்கும் அந்த வயதிலேயே மருந்தை நிறுத்தச் சொல்கிறது இந்த வதந்தி. இதைவிடக் கேடான யோசனை வேறு என்ன இருக்கிறது?

நின்றுவிட்டதாகத் தோன்றும் இளைப்பின் கதையையும் கேளுங்கள். நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த மருத்துவர்கள், 26 வயது வரையில் முழுத் தகவல் கிடைத்த 613 பேரைப் பற்றி 2003-இல் எழுதினார்கள். 89 பேருக்கு வீசிங் சிறு வயதிலிருந்து நிற்காமலே தொடர்ந்தது. 168 பேருக்கு நின்றது. ஆனால் அந்த 168 பேரில் 76 பேருக்கு 26 வயதுக்குள் திரும்பவும் வந்துவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர்! யாரிடம் நிலைத்தது, யாரிடம் திரும்பி வந்தது என்றும் அவர்கள் ஆராய்ந்தார்கள். மிக இளம் வயதில் தொடங்கியவர்கள், படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், மூச்சுக்குழல் சிறு தூண்டுதலுக்கும் சுருங்கும் இயல்பினர், 21 வயதில் புகைபிடித்தவர்கள், பெண்கள் ஆகியோரிடமே அது அதிகமாக நிலைத்தது அல்லது திரும்பி வந்தது. இந்தப் பட்டியலில் விவாகம் எங்கும் இல்லை.

ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் மருத்துவர்கள், ஒரு வருஷத்துக்கு மேலாக மருந்துமின்றித் தொந்தரவுமின்றி இருந்த இளைஞர்களின் மூச்சுக்குழலிலிருந்து கடுகளவு திசுவை எடுத்துப் பரிசோதித்து, அதில் ஒவ்வாமை அழற்சி ஓயாமல் இருப்பதைக் கண்டு 2001-இல் வெளியிட்டார்கள். சாம்பல் மூடிய தணல் அணைந்துபோனதாகாது. நோயின் அடையாளங்கள் மறைந்துவிட்டன என்பதும் நோய் தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன். புகுந்த வீட்டில் அவளுக்குக் காத்திருப்பவை என்ன? பல வீடுகளில் இன்னும் விறகடுப்பு, ஒட்டடையும் பரண் தூசியும் தட்டும் வேலை, பழைய இலவம்பஞ்சு மெத்தை, தாளிக்கும் நெடி. இவற்றில் எது இளைப்புக்கு ஔஷதம்? பிள்ளை உண்டானால் சரியாகும் என்பார்கள். கர்ப்பகாலத்தில் சுமாராக மூன்றில் ஒரு பங்கினருக்கு இளைப்பு தணிகிறது, ஒரு பங்கினருக்கு அப்படியே இருக்கிறது, மற்றொரு பங்கினருக்கு மோசமாகிறது. முன்பே கடுமையாக இருந்தவர்களுக்கு மோசமாகும் வாய்ப்பு அதிகம். தாய்க்கு மூச்சு முட்டினால் கருவிலிருக்கும் சிசுவுக்கும் பிராணவாயு குறையும். வழக்கமான இன்ஹேலர்களோ கர்ப்பகாலத்திலும் தொடர வேண்டியவை. இவற்றையெல்லாம் அறியாமல், பெண் பார்க்க வருபவர்கள் கண்ணில் படக் கூடாதென்று இன்ஹேலரைப் பீரோவில் வைத்துப் பூட்டும் பெற்றோரை நான் கடிந்துகொள்ளாமல் இருக்க இயலாது. நீங்கள் மானத்தைக் காப்பதாக நினைக்கிறீர்கள். பணயமாக வைப்பது மகளின் பிராணனை.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகப் பார்த்துவிடலாம்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து என்பார்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு முறை உறிஞ்சினால் 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் 40-இல் ஒரு பங்கு. கைநடுங்க, நெஞ்சு படபடக்க மாத்திரை விழுங்குகிறவர்கள், நேரே நுரையீரலுக்குப் போகும் சிற்றளவைக் கண்டு அஞ்சுவது விபரீதம். ஆனால் ஒன்று: உடனே ஆசுவாசம் தரும் அந்த இன்ஹேலரை மட்டும் நம்பி, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கைவிடுவது ஆபத்து என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் 2019 முதல் வற்புறுத்துகின்றன.

ஸ்டீராய்டு இன்ஹேலர் பிள்ளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் சிறு வயதில் ஆண்டுக்கணக்காக அதை உபயோகித்தவர்களைப் பெரியவர்களான பின் அளந்தபோது கண்ட குறைவு சராசரி 1.2 சென்டிமீட்டர். ஒழுங்காக மூச்சுவிடுவதற்கு அது பெரிய விலையா?

ஜூன் மாதம் மிருகசீரிட கார்த்தியன்று ஹைதராபாதில் உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கினால் தீரும் என்பது பிரசித்தம். இளைப்பு தானே ஏறித் தானே இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போது செய்யும் எந்த வைத்தியமும் பலித்ததாகத் தோன்றும்.

வாழைப்பழமும் தயிரும் எல்லாருக்கும் ஆகாதவை அல்ல. இளைப்பு தொற்று வியாதியன்று. வியாதி கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்குவது பிழை.

தம்மம்பட்டிக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. புவிசார் குறியீடு பெற்ற நமது மரச்சிற்பக் கலையைக் குமரப் பருவத்திலேயே கற்கத் தொடங்கும் பிள்ளைகளில், சிறு வயதில் இளைப்பு வந்து நின்றவர்களும் இருப்பார்கள். உளியால் செதுக்கும்போது விழும் சில்லு பெரிது, அதனால் அவ்வளவு தீங்கில்லை; உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், மெஷினால் இழைக்கும்போதும் எழும் நுண்தூள்தான் நுரையீரலுக்குள் இறங்குகிறது. வயது வந்தோரின் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குத் தொழிலிடத்துத் தூசியும் புகையும் காரணம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. கனடாவில் ஒரு வகைச் சிவப்புத் தேவதாருவை அறுத்து அதன் தூளால் இளைப்பு கண்ட தொழிலாளர்களை மொய்ரா சான்-யூங் என்ற மருத்துவர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அந்த வேலையை விட்ட பிறகும், பூரணமாகக் குணமானவர்கள் 100-க்கு 40 பேர் அளவே. அவர்களும் வியாதியைச் சீக்கிரமாகக் கண்டுகொண்டு விலகியவர்கள். நமது சிற்பிகள் செதுக்கும் வாகையும் அந்த மரமும் வேறுதான். ஆனாலும் வாகைத்தூளை மட்டும் நெஞ்சு பொறுத்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாகாது. பட்டறைதோறும் தூள் உறிஞ்சும் விசிறியும், தூள் பறக்க விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கும் வழக்கமும், தேய்ப்பு வேலைக்கு நல்ல முகக்கவசமும், தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு மூச்சுப் பரிசோதனையும் ஏற்பட வேண்டும். கலையை வளர்க்கும் அரசுத் துறைகள் கலைஞனின் நுரையீரலையும் தமது பொறுப்பாகக் கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் வேண்டுவேன்.

உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் 100-க்குச் சுமார் 13 பேர் இந்தியர்கள். அந்த வியாதியால் இறப்பவர்களிலோ 100-க்கு 40-க்கு மேல் இந்தியர்கள். பரிகாரம் இருந்தும் இவ்வளவு பேர் மாள்வதற்கு, மருந்தை நிறுத்துவதும் மறைப்பதும் முக்கியக் காரணங்கள்.

ஆகவே பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: பெண்ணுக்கு இளைப்பு இருந்தால் முதலில் வைத்தியம் பாருங்கள், நின்றுவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள், மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி முகூர்த்தம் குறியுங்கள், சீர்வரிசை எதுவாயினும், இன்ஹேலரை அவள் கையில் கொடுத்து, உபயோகிக்கும் முறையைக் கணவனுக்கும் மாமியாருக்கும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.