மெகாவோட்டை விடு, ஒப்பந்தத்தைப் பார்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள பெறாமகள் யாழினிக்கு,

சூரிய மின்சாரத்தில் எந்த நாடு முன்னுக்கு நிற்கிறது என்று உன் பொருளியல் ஒப்படைக்காகக் கேட்டிருந்தாய். சீனா. 2024 என்ற ஒரே ஆண்டில் அவர்கள் புதிதாகப் பூட்டியது 2,70,000 மெகாவோட்டுக்கு மேல். இலங்கை முழுவதற்கும் அந்த ஆண்டு உச்சத் தேவையே 3,000 மெகாவோட்டுக்கு உட்பட்டதுதான். இதை எழுதினாலே புள்ளி கிடைத்துவிடும். ஆனால் பனல் உலகம் முழுக்க மலிந்து கிடக்கும்போது, ஓரிடத்தில் திட்டம் ஓட, இன்னோரிடத்தில் ஏன் படுத்துவிடுகிறது என்பது இந்தக் கணக்கில் விளங்காது.

நுரைச்சோலை அனல் நிலையத்துக்குக் காலம் முழுக்க நிலக்கரி வாங்கிப் போட வேண்டும். சூரிய நிலையத்துக்கு எரிபொருள் செலவில்லை. இருபது வருடச் செலவில் பெரும்பகுதி முதல் நாளே கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பணம் கடன். ‘இந்த மின்சாரத்தை இத்தனை வருடத்துக்கு இன்ன விலையில் யாராவது வாங்குவார்களா?’ என்று வங்கி கேட்கும். ஆகவே விலை உறுதி இருந்தால்தான் பனல் கூரைக்கு ஏறும். ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் சட்டம் போட்டு இருபது வருட விலையை உறுதி செய்தது. அதை நம்பிச் சாதாரண வீட்டுக்காரரும் கடன் எடுத்தார். அங்கே பெருகிய தேவையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவைதான் சீனத் தொழிற்சாலைகள். ஜெர்மன் மின்பட்டியலில் கட்டிய காசில் நமக்கும் பனல் மலிந்தது என்றே சொல்லலாம்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலார் திட்டம் தொடங்கியது. கூரையிலிருந்து தரும் ஒரு யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா. 2022இல் டொலர் தீர்ந்து, 13 மணி நேர மின்வெட்டு வரை போனபின், புதிதாகச் சேர்பவர்களுக்கு 37 ரூபா என்றார்கள். 2024இல் அது 27 ஆனது. 2025இல் 5 கிலோவோட்டுக்கு உட்பட்ட கூரைக்கு 20.90. பனல் விலை இறங்கும்போது இதுவும் இறங்குவது நியாயம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை இருந்திருந்தால், கடன் எடுக்கப் போகிறவன் ஊகத்தை நம்பி ஓட வேண்டியிருக்காது.

விலை மட்டும் போதாது, மின்கட்டமைப்பும் தாங்க வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய, நாடே இருண்டது. குரங்கைப் பற்றிய பகிடி வாரக்கணக்கில் ஓடியது. பகிடிக்கு அடியில் இருந்த விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாவனை குறைவு. ஓடிய மின்சாரத்தில் பெரும்பங்கு சூரியனுடையது. பெரிய நீர், அனல் நிலையங்களில் சுழலும் கனத்த சில்லுகள் ஓர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பனலுக்கு அந்தக் கனம் இல்லை. அதே வருடம் ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுகிறது, இரவு ஏழு மணிக்கு எண்ணெய் எரிகிறது. இனி முதலிட வேண்டிய இடம் பற்றரி.

உன் ஒப்படைக்கு நான் சொல்லும் உதாரணம் நம் தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு சேராதவை, டீசல் ஜெனரேட்டரில் வாழ்ந்தவை. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் காற்றும் சூரியனும் பற்றரியும் சேர்ந்த திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அது ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இராமேஸ்வரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரத்தில். இந்தியா எதிர்த்தது. அந்த வருட இறுதியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை என்று காரணம் சொல்லிச் சீனத் தரப்பு நிறுத்திவிட்டது. 2022 மார்ச்சில் இந்தியா அதையே நன்கொடையாகத் தர ஒப்பந்தம் போட்டது. பெங்களூர் நிறுவனத்தோடு கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில். சூரியன் 1,700 கிலோவோட், காற்று 530. இவ்வளவு சின்னத் திட்டம்! கடன் நன்கொடையானது நல்லதே. ஆனால் கொழும்பிலும் டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் பேசி முடிக்கும் வரை டீசல் புகை குடித்தது நெடுந்தீவுக்காரர். முதலீட்டுக் கணக்கில் தாமதத்துக்கும் ஒரு நிரல் வேண்டும் என்று எழுது.

சம்பூரையும் சேர்த்துக்கொள். 2006இல் சனங்கள் இடம்பெயர்ந்த மண். அங்கே இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவோட் நிலக்கரி நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். பிறகு மின்சார சபையும் இந்திய அரசின் என்டிபிசி நிறுவனமும் கூட்டாக 120 மெகாவோட் சூரிய நிலையம் அமைக்க முன்வந்தன. யூனிட் 5.97 அமெரிக்க சதம். மன்னார், பூநகரிக் காற்றாலைகளுக்காக இந்தியாவின் அதானி குழுமத்தோடு ஒத்துக்கொண்ட விலை 8.26 சதம், புதிய அரசு குறைக்கக் கேட்க, 2025 பெப்ரவரியில் அவர்கள் விலகினார்கள். காற்றும் சூரியனும் ஒன்றல்ல என்பது உண்மை. இருந்தும் இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கத் தெரிந்தால் நீ பாதிப் பொருளியலாளர்.

கடைசியாகப் பாகிஸ்தான். 2024இல் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவோட் பனல் இறக்கினார்கள். மின்கட்டணம் ஏறியது, வசதியுள்ளவர் தானே பூட்டிக்கொண்டார். கம்பிக்கும் நிலையத்துக்கும் பட்ட கடன் அப்படியே நிற்க, அதைக் கட்டும் ஆட்கள்தான் குறைந்தார்கள். நம் ஊரிலும் யோசித்துப் பார்: ஜம்பட்டா வீதிப் பக்கம் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்குச் சொந்தக் கூரை எங்கே? நம் மின் நிலையங்களின் செலவும் அவர் பட்டியலில் ஏறினால் அது சரியா என்பதை உன் ஆசிரியரிடம் கேள்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கட்டண முடிவுகள் இணையத்தில் இருக்கின்றன. பத்திரிகைத் தலைப்பை விட்டு அவற்றை வாசி. விளங்காத பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, ஞாயிறு பின்னேரம் பேசுவோம். அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா