சீதபேதி: நம் செல்லின் பலத்தைத் திருடும் கிருமி



குழந்தைக்குச் சீதமும் ரத்தமுமாகப் போகிறது என்றால் நம் ஊர்களில் முதலில் எழும் பேச்சு, "சூடு புடிச்சிருக்கு, மோர் குடுத்தா சரியாப் போயிடும்" என்பதுதான். மோர் நல்லதே. ஆனால் மோர் மட்டும் போதாது. ரத்தம் கலந்த பேதி குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிருமியால் வருவது. அவற்றுள் முக்கியமானது ஷிகெல்லா என்னும் பாக்டீரியா. 1897-ல் இதைக் கண்டறிந்தவர் ஜப்பானிய மருத்துவர் கியோஷி ஷிகா. அவர் பெயரே கிருமிக்கும் அமைந்தது.

இந்தக் கிருமிக்குக் காலும் இல்லை, நீந்துவதற்கு வாலும் இல்லை. ஆயினும் நம் குடலின் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஓடுகிறது! எப்படி? அதைத் தெரிந்துகொண்டால், குழந்தையை ஏன் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது தானே விளங்கும்.

செல் எப்படி நகர்கிறது?

காலில் முள் குத்தினால் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியே வந்து, புண் உள்ள இடத்துக்கு ஊர்ந்து போய், கிருமிகளை விழுங்குகின்றன. ஊர்வதற்கு அவற்றுக்குப் பலம் தருவது ஆக்டின் என்னும் புரதம். 1942-ல் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரௌப் இதைத் தசையில் கண்டுபிடித்தார். தசையில் மட்டுமல்ல, ஏறக்குறைய நம் எல்லாச் செல்களிலும் இது இருக்கிறது.

ஆக்டின் சிறு சிறு மணிகளாக மிதக்கும். மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் இழையாகும். ஒரு மணி சேர்ந்தால் இழை 2.7 நானோமீட்டர் நீளும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர்.

வளர்கிற இழை எப்படித் தள்ளும்? மேட்டில் பாரவண்டி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி முன்னும் பின்னும் ஆடும். முன்னே ஆடிய நேரம் பார்த்து ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடுப்பார். வண்டி பின்னுக்கு வராது. அடுத்த ஆட்டத்தில் கல்லை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி வைப்பார். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் வெப்பத்தால் ஓயாமல் அதிர்கிறது. இழையின் நுனியும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே சந்து விழும் கணத்தில் ஒரு மணி புகுந்து நுனியில் ஒட்டிக்கொள்ளும். சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஓர் இழையின் தள்ளல் மிக அற்பம். ஆனால் நூற்றுக்கணக்கான இழைகள் கிளைவிட்டு ஒன்றாகத் தள்ளும்போது செல்லின் முன்பக்கம் நீள்கிறது. பின்னாலுள்ள பழைய இழைகள் உதிர, அந்த மணிகளே மறுபடி முன்னே வந்து சேருகின்றன.

கிருமி செய்யும் திருட்டு

ஷிகெல்லா தன் உடலின் ஒரு முனையில் மட்டும் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. 1989-ல் பாரிஸ் பாஸ்டர் நிலைய ஆராய்ச்சியாளர்கள் இதன் வேலையை விளக்கினார்கள். இழை வளர்க்கச் செல் தனக்கென வைத்திருக்கும் சாமான்களை இந்தப் புரதம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிருமியின் பின்னால் ஆக்டின் இழைகள் வால்போல வளர்ந்து அதை முன்னே தள்ளுகின்றன. வீட்டுக்காரன் ஏணியிலேயே திருடன் ஏறுவதைப் போலத்தான்!

1999-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள், செல்லே இல்லாமல் சுத்தமான சில புரதங்களை மட்டும் கலந்து, ஷிகெல்லாவின் அந்தப் புரதத்தைத் தாங்கிய பாக்டீரியாவை ஓட வைத்துக் காட்டினார்கள். தள்ளும் பலம் இழை வளர்வதிலிருந்தே கிடைக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

இப்படித் தள்ளப்பட்ட கிருமி ஒரு செல்லின் ஓரத்தில் முட்டி, பக்கத்துச் செல்லுக்குள் துருத்திக்கொண்டு நுழைந்துவிடும். வெளியே தலைகாட்டாமலே வீடு வீடாகப் போகிறது. வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஊர்ந்து வருகின்றன. கிருமியோ செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தப் போராட்டத்தில் குடலின் உட்தோல் புண்ணாகிறது. அந்தப் புண்ணிலிருந்து வருவதே சீதமும் ரத்தமும். இது சூடு அல்ல!

நாம் செய்ய வேண்டியவை

1. மலத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் இழந்த நீரை ஈடுசெய்யும். செல்லுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. அதற்கு டாக்டர் தரும் மருந்து வேண்டும்.

2. போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பொட்டலத்தில் சொன்ன அளவு சுத்தமான நீரில் கரைக்கவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவையும் நிறுத்தக் கூடாது.

3. பேதியைக் கட்டும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கிருமி வெளியேறாமல் உள்ளேயே தங்கும்.

4. "ரெண்டு வேளையில நின்னுடுச்சே" என்று மருந்தைப் பாதியில் விடாதீர்கள். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இன்று பெருகிவிட்டன. துத்தநாக மாத்திரையையும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

5. கண் குழிதல், சோர்ந்து கிடத்தல், குடிக்க முடியாமை, வலிப்பு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

6. இந்த நோய் பரவ 10 முதல் 100 கிருமிகளே போதும். நகக்கண்ணில் ஒட்டியிருப்பதே மிகை. ஆகவே மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்தால் போதாது.

உள்ளே புகுந்த கிருமிக்கு நம் செல்லே பலம் கொடுத்துவிடுகிறது. ஆகையால் வாசலிலேயே அதைத் தடுப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த வாசல் நம் கை.

சோப்பிட்ட கையே சுகத்தின் காவல்!