சாக்கு எங்கே போய்ச் சேரும்?



வெள்ளியங்கிரி மலைப்பாதையைச் சுத்தம் செய்ய நண்பர்களோடு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை என்றும். அந்தக் கதை பலரைக் காட்டுப் பக்கம் இழுத்து வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் குப்பை பொறுக்க யாராலும் முடியும். பொறுக்கியதை என்ன செய்வது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

சீசனில் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஏழு மலையும் ஏறுகிறார்கள். அடிவாரத்தில் வனத்துறை பையைச் சோதித்தாலும் பிளாஸ்டிக் எப்படியோ மேலே போய்விடுகிறது. பாட்டில் எல்லார் கண்ணிலும் படும். நீங்கள் தேட வேண்டியது, பாக்கெட்டைப் பிரிக்கும்போது கிழித்து எறிந்த முனையை. நகத்தளவுதான் இருக்கும். கற்படி இடுக்கில் மண்ணோடு அப்பிக் கிடக்கும். முனை வளைத்த கம்பி இருந்தால்தான் பெயர்ந்து வரும். ஒரு படிக்கே வெகுநேரம் பிடிக்கும், போட்டோவில் ஒன்றும் தெரியாது.

இனி, பொறுக்கியதைக் கட்டிய சாக்கு. பெட் பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டை சீந்த மாட்டார்கள்; பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய பல அடுக்குத் தாள் அது, பிரித்தெடுப்பது எளிதல்ல. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போடலாம். அதற்கும் ஈரமும் மண்ணும் போக உதறி, தனியாகக் கட்டித் தர வேண்டும். இது எதையும் யோசிக்காமல் மூட்டைகளை அடிவாரத்தில் சாய்த்துவிட்டுப் பஸ் ஏறினால், மலைமேல் கிடந்ததை யானை நடமாடும் இடத்துக்கே சுமந்து வந்து வைத்ததாகிவிடும். உப்பு ருசிக்குக் கவரோடு தின்றுவிடும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கருவில் குட்டியும் இருந்தது.

அங்கேயே கொளுத்திவிடலாமே என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். கோடையில் காய்ந்த புல் மலை அது. தீப்பெட்டியையே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதைத்தால் அடுத்த மழையில் வெளியே வந்துவிடும்.

காப்புக்காடு என்பதால் ரேஞ்சரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வனக்காவலர் ‘இன்னைக்கு வேண்டாங்க’ என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். பக்தர்களிடம் உபதேசம் வேண்டாம். மூச்சு வாங்க ஏறுகிறவரிடம் அது எடுபடாது.

தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டைகளை யார் வாங்கிக்கொள்வார்கள், எந்த வண்டியில் போகும் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.