சீமைக் கருவேல் அகற்றும் செயல்விளக்கம்: மரம் அறுப்பவரை அமர்த்தும் முன்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் தரிசு விழுந்த கரிசல் புஞ்சைகளைச் சீமைக் கருவேல் பிடித்துக்கொண்டிருப்பதை விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். அமெரிக்கக் கண்டத்து வறண்ட பகுதிகளுக்குரிய இம்மரம் 1877-இல் விதையாக நம் நாட்டுக்கு வந்தது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் உதவியது உண்மையே. ஆனால் நிலத்தை மறுபடி உழவுக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு இது பெருஞ்செலவு. இதை அகற்றும் முறையை ஊரார் முன் செய்து காட்ட, சங்கிலி வாள் எனப்படும் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவரை அமர்த்த விரும்பும் உழவர் குழுவினர் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

நான் முதலில் நடத்திய செயல்விளக்கம் தோல்வி என்றே சொல்ல வேண்டும். அரை நாளில் புதர் முழுவதும் சாய்ந்தது. கூடியிருந்தவர்கள் பாராட்டிச் சென்றனர். ஐப்பசி மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் தளிர்; ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு. நிலத்துக்காரர், "வெட்டித் தாங்கன்னு சொன்னேன், நீங்க கவாத்து பண்ணிட்டீங்க சார்" என்றார்.

தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருப்பதே இதற்குக் காரணம். தரைக்கு மேலே அறுத்தால் அவை விழித்துக்கொள்ளும். சரி, தரையோடு ஒட்ட அறுத்துவிடலாமே என்றால், கட்டையில் ஒட்டியுள்ள மண் பட்டவுடன் சங்கிலியின் பற்கள் மழுங்கிவிடும். மழுங்கிய வாளை அழுத்திப் பிடித்து அறுப்பது ஆபத்தும்கூட. ஆகவே மிஷினுக்கு மேல்வேலை மட்டுமே. அடிவேலை மண்வெட்டி, கடப்பாரை, கோடரிக்கு உரியது. பெரிய கட்டையானால் ஜேசிபிக்கு. சுற்றிலும் ஓரடி ஆழம் பறித்து, பக்க வேர்களை வெட்டி, கழுத்தோடு கட்டையைப் பிடுங்கி எடுக்க வேண்டும். இரு வேலைக்கும் ஒரே நாளில் ஆள் பேசிவிடுங்கள். வாள்காரர் மட்டும் வந்து போகும் செயல்விளக்கம் வேடிக்கையாகவே முடியும்.

பருவமும் முக்கியம். கோடையில் கரிசல் மண் பாறைபோல் இறுகி வெடித்துக் கிடக்கும். அடைமழையில் காலை வைக்க விடாது. சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து மண் பதமாக இருக்கும்போது செய்தால், புரட்டாசி விதைப்புக்கு முன் கோடை உழவுக்கும் நாள் கிடைக்கும்.

வாள்காரரிடம் கூலி பேசுமுன் அவருடைய கருவிகளைப் பாருங்கள். முகத்தடுப்புடன் கூடிய தலைக்கவசம், காதடைப்பான், காலுக்குக் காப்புடை, கனத்த பூட்ஸ் உள்ளனவா? சங்கிலியை உடனே நிறுத்தும் கைத்தடை வேலை செய்கிறதா? கூர்போட உருண்டை அரம் வைத்திருக்கிறாரா? செருப்புக் காலோடும் கைலியோடும் வருபவர் எத்தனை குறைந்த கூலி கேட்டாலும் வேண்டாம். பெட்ரோல், டூ-டி ஆயில், சங்கிலி எண்ணெய் யார் செலவு, சங்கிலி அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளவும். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்ற வேண்டும். அருகில் பீடி கூடாது.

சங்கிலி ஓடும் அலகின் நுனியில் மேற்பகுதி எதன்மீதாவது பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவர் முகத்தை நோக்கித் துள்ளும். புதராகப் படர்ந்த சீமைக் கருவேலில் இந்த ஆபத்து மிகுதி. வளைந்து இறுகி நிற்கும் கிளையும் அறுபட்டவுடன் சாட்டைபோல் வீசும். எனவே முதலில் சிறு கிளைகளை அரிவாளால் கழித்து நிற்க இடம் செய்துகொள்ள வேண்டும். பின்வாங்கும் வழியில் முள் கிடக்கக் கூடாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ரிட்ஜ்வே என்ற சிற்றூரில், இதே வாளால் மரத்தில் கரடியும் கழுகும் செதுக்கும் கலைஞர்கள் கூடி மக்கள் முன் செய்து காட்டுவார்கள். நாம் செதுக்கப் போவதில்லை. ஆனால் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தும் கவலை நமக்கும் உண்டு. மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு, எப்படியும் 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் கயிறு கட்டி, கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். பிள்ளைகளை முன்வரிசைக்கு விடாதீர்கள். மிஷின் ஓடும்போது பேச்சு ஒருவர் காதிலும் விழாது. விளக்கத்தை முன்னதாகச் சொல்லிவிட்டு, வேலை நடக்கையில் கைச்சாடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காயத்துக்குக் கட்டுப்போடும் துணியும் ஒரு வண்டியும் தயாராக இருக்கட்டும்.

நாட்டுக் கருவேலை அறுத்துவிடாதபடி முதல் நாளே சுண்ணாம்பு அடையாளமிடவும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலின் பூ விரல்போல் நீண்ட கதிர். கண்மாய், ஓடைப் புறம்போக்கில் நிற்கும் மரங்களுக்கு உரிய அலுவலகத்தின் அனுமதி பெறாமல் கை வைக்கலாகாது.

மண்ணில் உதிர்ந்த விதைகள் பல ஆண்டுகள் முளைப்புத் திறனோடு கிடக்கும். நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலும் விதை சேதமின்றி வந்து முளைக்கும். மழைக்குப் பின் தோன்றும் கன்றுகளை ஈரத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதனால் மரம் சாய்க்கும் நாளிலேயே, கார்த்திகையில் அதே புஞ்சையில் கூடுவதற்கும் ஒரு தேதி அறிவித்துவிடுவது என் வழக்கம். எத்தனை கட்டை துளிர்த்திருக்கிறது என்று வந்தவர்களே எண்ணிப் பார்க்கிறார்கள்.